து யூயூவின் நோபல் பரிசு சீன மருத்துவத்துக்குக் கிடைத்த சான்றிதழா?

செங்காந்தள்:
சீன மருத்துவம் முழுவதையுமே மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர், சீன மருந்தியல் ஆய்வாளர் து யூயூ 2015இல் பெற்ற மருத்துவ நோபல் பரிசுக்கு என்ன விளக்கம் தருவார்கள் என்று அறிய விரும்புகிறேன். வியட்நாம் போர்க்காலத்தில், 1967 மே 23 அன்று தொடங்கியதால் 523 என்றே பெயர் பெற்ற சீன அரசின் மலேரியா ஆய்வுத் திட்டத்தில் பணியாற்றிய து யூயூ, பழைய ஏடுகளிலிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் ஏறத்தாழ 2,000 மருந்துக் குறிப்புகளைத் திரட்டினார். சிங்ஹாவ் என்ற செடியின் சாறு முதலில் நம்பிக்கை தந்து பின்னர் கைவிட்டபோது, அவருக்கு வழிகாட்டியது நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கோ ஹொங் எழுதிவைத்த குறிப்பு: ஒரு கைப்பிடிச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் சாறு முழுவதையும் குடிக்க வேண்டும். காய்ச்சும்படி அதில் சொல்லப்படவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்த து யூயூ, 35 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளின் மலேரியாவை முற்றாக ஒழித்தது. அடுத்த ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன் அவரும் உடன் பணியாற்றியோரும் தாங்களே அதை உட்கொண்டு பார்த்தார்கள். நோபல் பரிசு பெற்றுத் தந்த இந்த மலேரியா மருந்தின் வேர் அந்த மரபில்தான் இருக்கிறது.

அளவுகோல்:
து யூயூவின் உழைப்புக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் நீங்கள் எடுத்துவைத்த வரலாறே உங்கள் முடிவுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. சுமார் 200 மூலிகைகளிலிருந்து எடுத்த 380க்கும் மேற்பட்ட சாறுகளை எலிகளில் சோதித்துத்தான் இந்த ஒன்றைக் கண்டெடுத்தார்கள். எது வேலை செய்யும், எது செய்யாது என்று பிரித்துக் காட்டியது யின்-யாங் கொள்கையும் அன்று, 'சீ' எனப்படும் உயிராற்றலும் அன்று, ஆய்வுக்கூடச் சோதனைதான்.

அக்குபங்சர் எனப்படும் சீன ஊசி மருத்துவத்திலும் இதே நிலைதான். ஜெர்மனியில் 1,162 முதுகுவலி நோயாளிகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், மரபுப்படியான புள்ளிகளில் ஊசி குத்தப்பட்டவர்களில் 47.6 விழுக்காட்டினர் ஆறு மாத முடிவில் பலன் கண்டார்கள். புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 விழுக்காட்டினர் அதே பலனைக் கண்டார்கள். எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒரே விளைவுதான் என்றால், உயிராற்றல் ஓடுவதாக அந்த மரபு சொல்லும் நாடிப்பாதைகளின் வரைபடத்துக்கு என்ன பொருள்?

செங்காந்தள்:
அதே ஆய்வின் மூன்றாவது எண்ணை நீங்கள் குறிப்பிடவில்லை. வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும் பெற்ற குழுவில் பலன் கண்டவர்கள் 27.4 விழுக்காட்டினர் மட்டுமே. ஆண்டுக்கணக்கில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவருக்கு வரைபடம் சரியா தவறா என்பது இரண்டாம் கேள்வி. ஜெர்மனியின் பொது மருத்துவக் காப்பீடு முதுகுவலிக்கும் முழங்கால் மூட்டுவலிக்கும் இந்தச் சிகிச்சையை ஏற்றுக்கொண்டது இதனால்தான்.

மருந்தகன்:
மருந்தியல் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பலனைப் பற்றியே இருவரும் பேசுகிறீர்கள். எனக்குக் கவலை தருவது தீங்கு. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை உட்கொண்ட சுமார் நூறு பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. ஸ்டெஃபானியா என்ற மூலிகை சேர வேண்டிய இடத்தில் அரிஸ்டொலோகியா இனச் செடி கலந்துவிட்டது. அதிலுள்ள அரிஸ்டொலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. நம் நாட்டு வைத்தியத்தில் வழங்கும் ஈஸ்வரமூலியும் இதே இனம்தான் என்பதால், இதைச் சீனர்களின் சிக்கல் என்று நாம் தள்ளிவிட முடியாது.

செங்காந்தள்:
அது செடி மாறியதால் நேர்ந்த விபத்து, ஐயா. அந்தப் பழியை மரபின் மீது சுமத்துவது முறையாகாது.

மருந்தகன்:
பிரஸ்ஸல்ஸில் நேர்ந்தது மாற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அமிலம் உள்ள குவான் மூதொங் என்ற மூலிகை எந்தத் தவறும் நேராமலே, வழக்கமான சீனக் கூட்டு மருந்துகளில் நெடுங்காலம் சேர்க்கப்பட்டு வந்தது. சீன அரசு அதை விலக்கியது 2003இல்தான். குடித்த அன்றே வாந்தி எடுத்தால் எந்த வைத்தியரும் கண்டுபிடித்துவிடுவார். பல ஆண்டுகள் கழித்து வரும் புற்றுநோயை, ஒரே ஊரில் தனித்தனியாக நோயாளிகளைப் பார்க்கும் வைத்தியர் எப்படி அந்த மூலிகையோடு இணைத்துப் பார்ப்பார்? நூற்றாண்டுகளின் அனுபவம் என்ற வாதம் இந்த இடத்தில் உதவாது.

செங்காந்தள்:
நெடுநாள் தீங்கைக் காண ஆய்வுக்கூடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நஞ்சு என்பதற்காகவே ஒதுக்கிவிடக் கூடாது என்பதுதான் என் வாதம். 1970களில் ஹார்பின் நகர மருத்துவர் சாங் திங்தொங், நாட்டு வைத்தியர் ஒருவரின் குறிப்பிலிருந்து ஆர்சனிக் என்ற நஞ்சை எடுத்து இரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்குக் கொடுத்தார். அமெரிக்கா அதை 2000இல் மருந்தாக ஏற்றது. இன்று அந்த வகை நோயாளிகளில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

அளவுகோல்:
அந்தக் குறிப்பில் பாதரசக் கூட்டுப்பொருளும் தேரை நஞ்சும் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து, அவ்விரண்டையும் நீக்கிய பிறகே ஆர்சனிக் நிலைத்தது. ஏட்டில் இருந்தபடியே கொடுத்திருந்தால், நோயாளிகள் பாதரசத்தையும் சேர்த்தே விழுங்கியிருப்பார்கள்.

செங்காந்தள்:
ஏடே இல்லாதிருந்தால், ஆர்சனிக்கைச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் அவர்களில் எவருக்குத் தோன்றியிருக்கும்?