40,000 படங்களுக்குள் இரண்டு தைப்பூசப் படங்களைத் தேடுவது எப்படி?

தண்ணீர்ப்பந்தல், ஆயர் ஈத்தாம்:

வணக்கம். பினாங்கில் தைப்பூசத்தின்போது தண்ணீர்ப் பந்தல் நடத்திவரும் எங்கள் குழுவுக்குச் சிறப்பு மலர் ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பல ஆண்டுகளாகப் பலர் எடுத்த படங்கள், ஏறக்குறைய 40,000, ஒரே வன்தட்டில் கிடக்கின்றன. கோப்புறைகளின் பெயர்களோ ‘புதியது’, ‘புதியது 2’, ‘அண்ணன் கேமரா’ என்ற அளவில்தான் இருக்கின்றன. இப்போதைக்கு எனக்கு இரண்டு படங்கள் வேண்டும். முதலாவது, வெள்ளி ரதத்தின் முன் எங்கள் குழுவினர் தேங்காய் உடைக்கும் படம். அதன் சிறிய பிரதி புலனத்தில் (வாட்ஸ்அப்) கிடைத்துவிட்டது என்றாலும், மூலப்படம் இல்லாமல் முழுப் பக்கத்துக்கு அச்சிட முடியாது என்று அச்சகத்தார் கூறிவிட்டார்கள். இரண்டாவது, காலஞ்சென்ற எங்கள் தலைவர் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுக்கும் படம். அப்படி ஒரு படம் உண்டு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எந்த ஆண்டு என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. அத்தனை படங்களுக்கும் குறிச்சொல் இட்ட பிறகுதான் தேட முடியுமா? படங்களை இணையத்தில் ஏற்றுவதில் குழுவில் சிலருக்கு உடன்பாடில்லை.

செந்தூல்வாசி:

இணையத்தில் ஏற்றலாம் என்றால் கூகுள் ஃபோட்டோஸே எளிது. ‘தேங்காய்’, ‘கூட்டம்’ போன்றவற்றை நாம் எதுவும் குறித்து வைக்காமலேயே படத்தைப் பார்த்துத் தேடித் தரும். ஆனால் 2021 ஜூன் முதல் தேதிக்குப் பிறகு ஏற்றப்படும் படங்கள் இலவச 15 கிகாபைட்டுக்குள் கணக்கிடப்படுகின்றன. ஒரு படம் 4 மெகாபைட் என்று வைத்தாலும் உங்களிடம் 160 கிகாபைட் இருக்கும். மாதக் கட்டணம் இல்லாமல் நடக்காது.

பழைய நெகட்டிவ், ஜோர்ஜ்டவுன்:

குறிச்சொல் இடும் வேலையை இப்போதைக்குத் தொடாதீர்கள். தேடவேண்டிய பரப்பை முதலில் தேதியால் சுருக்குங்கள். டிஜிகேம் (digiKam) என்ற, படங்களை ஒழுங்குபடுத்தும் இலவச மென்பொருள் விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் இயங்கும். முக அடையாளத்துக்கான கோப்புகளை முதல் முறை இறக்கிக்கொள்ள மட்டுமே இணையம் தேவை. உங்கள் படங்கள் எதுவும் கணினியை விட்டு வெளியே போகாது.

தேங்காய்ப் படத்துக்கு உங்கள் கையில் பிரதி இருப்பதே பெரிய வசதி. டிஜிகேமில் எல்லாப் படங்களுக்கும் ‘விரல்ரேகை’ (fingerprint), அதாவது ஒப்பிடுவதற்கான தோற்றச் சுருக்கம், உருவாக்கச் சொல்லுங்கள். இரவு தொடங்கிவிட்டுத் தூங்கப் போவது நல்லது. அது முடிந்ததும் புலனப் பிரதியை, ‘ஒத்த படங்களைத் தேடும்’ பகுதியில் இழுத்துப் போட்டால், அதைப் போன்ற படங்களை ஒற்றுமை விழுக்காட்டோடு காட்டும். பிரதி ஓரங்களில் வெட்டப்பட்டிருந்தால் விழுக்காட்டு வரம்பைக் குறைத்துப் பாருங்கள். அச்சகத்தார் சொன்னதும் நியாயமே. புலனத்தில் வந்த படத்தின் நீண்ட பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல்தான்; அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் அது ஏறக்குறைய 13.5 சென்டிமீட்டர்தான் வரும். புலனக் கோப்பின் பெயரில் உள்ள தேதியையும் நம்ப வேண்டாம். அது படம் எடுத்த நாளல்ல, உங்களுக்கு வந்து சேர்ந்த நாள். எடுத்த நேரமோ அனுப்பும்போதே நீக்கப்பட்டுவிடுகிறது.

தலைவரின் படத்துக்குத் தேதிதான் வழி. தைப்பூசம் ஆண்டுக்கு ஆண்டு நகர்வதால் ‘ஜனவரி’ என்று மட்டும் தேடினால் பாதி ஆண்டுகள் விடுபட்டுப் போகும்: 2016-இல் ஜனவரி 24, 2017-இல் பிப்ரவரி 9, 2018-இல் ஜனவரி 31, 2019-இல் ஜனவரி 21, 2020-இல் பிப்ரவரி 8. நம் ஊரில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தைப்பூசத்துக்கு முந்தைய நாள் அதிகாலையில் புறப்பட்டு, தைப்பூசத்துக்கு மறுநாள்தான் திரும்பப் புறப்படுகிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்துக் கொள்ளுங்கள். எந்த ஆண்டு என்ற வாதத்தைத் தீர்க்க, அதே வரிசையில் எடுத்த மற்ற படங்களில் தங்க ரதம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் 2017-க்கு முந்தையதாக இருக்க முடியாது, அந்த ஆண்டுதான் அது முதன்முதலில் உலா வந்தது.

கேமராவின் கடிகாரமும் ஏமாற்றும். தமிழ்நாட்டுக்குப் போனபோது நேரத்தை மாற்றியவர் திரும்பி வந்து சரிசெய்யாவிட்டால், எல்லாப் படங்களும் இரண்டரை மணி நேரம் பின்தங்கிய நேரத்தைக் காட்டும். நள்ளிரவு ஒரு மணிக்கு எடுத்த படம் முந்தைய நாள் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். மின்கலம் தீர்ந்து கடிகாரம் தொடக்கத் தேதிக்குத் திரும்பிய கேமராவாக இருந்தால், சம்பந்தமில்லாத ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி முதல் தேதியில் படங்கள் குவிந்து கிடக்கும். அத்தகைய குவியலை முதலில் திறந்து பாருங்கள் என்பேன். டிஜிகேமின் நேரத் திருத்தக் கருவியில் ஒட்டுமொத்தமாக நகர்த்திவிடலாம்.

தண்ணீர்ப்பந்தல், ஆயர் ஈத்தாம்:

மிக்க நன்றி, ஐயா. தேங்காய் உடைக்கும் மூலப்படம் ‘அண்ணன் கேமரா’ கோப்புறையில் கிடைத்துவிட்டது. வரம்பைக் குறைத்த பிறகுதான் அகப்பட்டது. தலைவர் படத்துக்கு முக அடையாளத்தை நம்பிப் பார்த்தேன். மேடையில் நேராக நின்ற படங்களையெல்லாம் கொண்டுவந்ததே தவிர, மோர் ஊற்றும் படம் வரவில்லை. பிறகு தைப்பூச நாள்களின் நண்பகல் படங்களைச் சிறு உருவங்களாக வரிசையில் ஓடவிட்டுப் பார்த்தபோது கிடைத்தது: குனிந்த தலை, தோளில் துண்டு, முகம் பாதிகூடத் தெரியவில்லை. அடுத்த மலருக்குப் பொறுப்பேற்பவர் இதே பாடுபடாமல் இருக்க, எவற்றுக்குக் குறிச்சொல் இடலாம்?

ஏட்டுக்கட்டு, பிரிக்பீல்ட்ஸ்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், நூலகப் பட்டியல் வேலையில் இருந்தவன் என்பதால். ரதம், கூட்டம், காவடி என்று கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் எழுதி நேரத்தைச் செலவிட வேண்டாம். அவற்றைப் பார்த்தாலே தெரியும், இயந்திரமும் நாளுக்கு நாள் நன்றாகவே கண்டுபிடிக்கிறது. படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதவற்றை மட்டும் எழுதுங்கள்: குனிந்திருப்பவர் யார், எந்தச் சாலைச் சந்திப்பில் எடுத்தது, யார் எடுத்தார். அதையும் எல்லாப் படங்களுக்கும் எழுத வேண்டியதில்லை. ஒரே காட்சியின் பத்துப் படங்களில் நல்லது ஒன்றுக்கு நட்சத்திரம் இட்டு, அதற்கு மட்டும் எழுதினால் போதும். பெரியவர்களை உட்கார வைத்துப் பெயர் கேட்கும் வேலையைத் தள்ளிப் போடாதீர்கள், அதை எந்த மென்பொருளும் செய்யாது.

எழுதியவை படக் கோப்புக்குள்ளேயே பதியும்படி டிஜிகேமின் அமைப்பில் தேர்ந்தெடுத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வன்தட்டை மட்டும் வேறொருவரிடம் கொடுக்கும்போது பெயர்கள் உங்கள் கணினியின் தரவுத்தளத்திலேயே தங்கிவிடலாம். பதியத் தொடங்குமுன் மொத்தத்தையும் வேறொரு வன்தட்டில் நகல் எடுத்து வையுங்கள். ஒருவரின் பெயரை ஒருவர் தமிழிலும் மற்றவர் ரோமன் எழுத்திலும் இட்டால் அவர் இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுவார் என்பதால், எந்த எழுத்தில் இடுவது என்பதைக் குழுவாகப் பேசி முடிவெடுத்துவிட்டே தொடங்குங்கள்.