22 மாதமாகியும் கிடேரி பருவத்துக்கு வரவில்லை

தாராபுரம் பக்கம் இருக்கிறோம். ஜெர்சி கலப்பினக் கிடேரி, வயது 22 மாதம். இன்னும் ஒருமுறைகூடப் பருவத்துக்கு வரவில்லை. கத்தலும் இல்லை, கண்ணாடி மாதிரி ஒழுக்கும் இல்லை.

பிறந்த வாரமே தாய்க்கு மடிநோய் வந்து பால் நின்றுவிட்டது. வெளியில் வாங்கிய பாலும் கஞ்சியும்தான். ஆறு மாதம் வரை வயிறு மட்டும் உப்பி, முடி சிலிர்த்து, விலா எலும்பு தெரிய நின்றது. அதே சமயம் பிறந்த பக்கத்துத் தோட்டத்துக் கன்று தாய்ப்பால் குடித்து வளர்ந்தது, இப்போது சினை.

நாடா வைத்து அளந்தால் நெஞ்சுச் சுற்றளவு 50 அங்குலம், நீளம் 45. கணக்குப் போட்டால் சுமார் 170 கிலோ. வளர்ந்த மாட்டின் எடையில் 60 சதவீதமாவது வேண்டும், அதாவது இதற்கு 200 கிலோ.

குடற்புழு மருந்து, தாது உப்பு, முளைகட்டிய பயறு, கோ-4 புல் எல்லாம் கொடுத்தாச்சு. தினமும் இரண்டு கிலோ அடர்தீவனமும் போகிறது. மருத்துவர் கைவிட்டுப் பார்த்து, கருப்பை சிறிதாக இருக்கிறது, எடை கூடட்டும், ஹார்மோன் ஊசி அப்புறம் பார்க்கலாம் என்றார். வீட்டில் விற்கச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை.

இப்படிக் கன்றிலேயே வாடிப்போன கிடேரியைத் தீவனத்தாலேயே தேற்றிப் பருவத்துக்குக் கொண்டுவந்தவர்கள், என்ன கொடுத்தீர்கள், எத்தனை மாதம் பிடித்தது என்று சொல்ல முடியுமா?