இறால் குட்டை ஆக்சிஜன் மாடல்: ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) போட்டால் ஆக்சிஜன் இரவில் ஏறுகிறது, மத்தியானம் இறங்குகிறது. உதவி தேவை

தொண்டிக்கரை:
வணக்கம். தொண்டிப் பக்கம் சித்தப்பாவின் இறால் குட்டையில் 10 நிமிடத்துக்கு ஒரு தரம் ஆக்சிஜன், வெயில், தண்ணீர் வெப்பம், ஏரேட்டர் ஓட்டம் எல்லாம் பதிவாகின்றன. விடியற்காலை ஆக்சிஜனை முந்தின இரவே கணிக்க வேண்டும். கரண்டு பில் தாங்கவில்லை. நேரியல் ஏஆர்எக்ஸ் மாடல் (பழைய அளவுகளையும் வெயில், ஏரேட்டர் போன்ற உள்ளீடுகளையும் எடைபோட்டுக் கூட்டிக் கணிப்பது) அடுத்த அளவீட்டை அச்சாகச் சொல்கிறது. இரவு முழுக்கத் தன் கணிப்பை வைத்தே ஓடவிட்டால் எங்கோ போய்விடுகிறது. தலைப்பில் சொன்ன குழப்பம் வேறு. சென்சார் கோளாறா? சமன்பாட்டின் வடிவமே தெரியாதபோது நேராக நியூரல் நெட்வொர்க் போடலாமா?

மண்டபம்:
சென்சாரைக் கழற்றாதே தம்பி, அது உண்மையைத்தான் சொல்கிறது. 30 டிகிரியில் கடல் தண்ணீரின் ஆக்சிஜன் செறிவு, அதாவது காற்றோடு சமநிலையில் தண்ணீர் வைத்திருக்கும் அளவு, லிட்டருக்குச் சுமார் 6.2 மில்லிகிராம். இரவில் அளவு அதற்குக் கீழே, அதனால் ஏரேட்டர் காற்றிலிருந்து ஏற்றுகிறது. மத்தியானம் பாசியின் ஒளிச்சேர்க்கையில் அளவு அதைத் தாண்டிவிடும். அப்போது அதே ஏரேட்டர் மிச்சத்தை வெளியேற்றும். ஆக, விளைவு என்பது ஏரேட்டர் ஓட்டம் × (செறிவு − தற்போதைய அளவு). இந்தப் பெருக்கல் நேரியல் மாடலில் அடங்காது.

அடுத்த அளவீடு பொருந்துவதை நம்பாதே. 10 நிமிடத்தில் ஆக்சிஜன் பெரிதாக மாறாது. பழைய எண்ணையே திருப்பிச் சொன்னாலும் பொருந்தும். முழு இரவு ஓட்டம்தான் சோதனை.

நியூரல் நெட்வொர்க் அப்புறம் பார்க்கலாம். பில்லிங்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1980களில் வளர்த்த நார்மேக்ஸ் முறையைப் பார், தரவிலிருந்தே நேரியல் அல்லாத சமன்பாட்டைக் கண்டுபிடிக்கும் முறை அது. பழைய அளவுகள், வெயில், அதன் வர்க்கம், பெருக்கல்கள் என்று சமன்பாட்டு உறுப்புகளைக் குவித்துவிட்டு, கணிப்புப் பிழையை அதிகம் குறைப்பதை ஒவ்வொன்றாகச் சேர். அமைப்பு தானே வெளிவரும். அந்தப் பெருக்கலை மட்டும் நீயே முதலில் போட்டுவிடு.

கீழக்கரை:
இன்னொன்று. ஆக்சிஜன் குறைந்தால்தானே சித்தப்பா ஏரேட்டர் போடுவார்? அப்போது காரணமும் விளைவும் தரவில் பின்னிக்கொள்ளும். சாயங்காலம் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போது ஆக்சிஜன் அளவைப் பார்க்காமல், ஒழுங்கில்லாத நேரங்களில் ஏரேட்டரைப் போட்டு நிறுத்திப் பதியுங்கள். விடியலுக்கு முன் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம், இறால் செத்துவிடும்.

தொண்டிக்கரை:
நன்றி அண்ணே! பெருக்கல் உறுப்பு சேர்த்ததும் இரவுக் கோடு ஒட்டிப் போகிறது. உச்சி வெயிலில் மட்டும் கணிப்பு மேலே நிற்கிறது.

மண்டபம்:
வெயில் ஏற ஏற ஒளிச்சேர்க்கை ஏறிக்கொண்டே போகாது, ஓரளவுக்கு மேல் தட்டையாகிவிடும். வெயிலுக்கு அப்படி வளையும் உறுப்பு போடு. ஐப்பசி மூடாப்பு நாள் தரவைத் தனியே எடுத்து வைத்து, மாடலுக்குக் காட்டாமல் அதில் சோதித்துப் பார்.