அப்பாவின் தொட்டி

குழு: வெள்ளவத்தை + கனடா குடும்பம்

மாலா: ஏஞ்சல் மீனில் ரவை தூவினது போல் வெள்ளைப் புள்ளி. வாலில் மட்டும் பதினொன்று எண்ணினேன். சனிக்கிழமை இவருடைய அறுபதாம் பிறந்தநாள், வருகிற சனம் முதலில் பார்ப்பது ஹாலில் இருக்கிற தொட்டியைத்தான். என்ன மருந்து?

வத்சலா: ஐயோ

ராசன்: எனக்குத் தருவதாக அப்பா சொன்ன தொட்டிதானே?

மாலா: பிளேனில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாமே அண்ணா. கழுவுகிறது நான்.

சுகந்தன்: சித்தி, அது வெள்ளைப் புள்ளி நோய், ஒட்டுண்ணி. புள்ளியாகத் தெரியும்போது அது தோலுக்கு அடியில் இருக்கும், மருந்து எட்டாது. முற்றினதும் கழன்று அடிக்கல்லில் விழும். அங்கே ஒன்று நூற்றுக்கணக்கில் பிரிந்து, குஞ்சுகள் நீந்திப்போய் மறுபடி மீனைப் பிடிக்கும். நீந்துகிற அந்த நேரத்தில்தான் சாகும். கொழும்புச் சூட்டுக்கு ஒரு சுற்று நாலைந்து நாள். ஆகவே புள்ளி மறைந்தாலும் நிறுத்தாமல் இன்னும் ஒரு கிழமை

வத்சலா: வகுப்பு தொடங்கிவிட்டது

மாலா: சுருக்கமாகச் சொல் தம்பி, அடுப்பில் பருப்பு

சுகந்தன்: புது மீன் ஏதும் விட்டீர்களோ?

மாலா: யது போன கிழமை இரண்டு கொண்டுவந்தான். கறுப்புக் கோடு போட்டது.

யது: டைகர் பார்ப். எல்லாத்தோடும் சேரும் என்று கடையில் சொன்னார்கள்

சுகந்தன்: விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? ஏழெட்டாக விட்டால் தங்களுக்குள் துரத்திக்கொள்ளும். இரண்டே இரண்டென்றால் ஏஞ்சலின் நூல் துடுப்பைத்தான் கடிக்கும். பார்ப் ஆசை என்றால் செர்ரி பார்ப் வாங்கியிருக்கலாம், சாதுவானது, இலங்கைக்கே உரியது. எதுவானாலும் இரண்டு மூன்று கிழமை தனியே வைத்துப் பார்த்துத்தான் விடவேண்டும்.

மாலா: ஓம், ஒரு நூல் பாதிதான் இருக்கிறது

யது: சொறி சித்தி

வத்சலா: மீனும் அதைத்தான் சொல்கிறது, கல்லில் உரசி உரசி

சுகந்தன்: லீற்றருக்கு 1 முதல் 2 கிராம் கல்லுப்பு. உங்களுடையது 100 லீற்றர், முதலில் 100 கிராம். வாளியில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. கடை மருந்து விட்டால் ஃபில்டரில் இருக்கிற கரியை எடுத்துவிடுங்கள், அது மருந்தையே உறிஞ்சிவிடும்.

சிவம்: ஆனையிறவு உப்பு இருக்கிறது, போடட்டோ?

வத்சலா: சாம்பாருக்கும் மிச்சம் வையுங்கள் சித்தப்பா

பெரியக்கா: வடை எத்தனை சொன்னாய் மாலா? 150 காணாது.

பெரியக்கா: தொட்டியை அறைக்குள் தள்ளிவிடு

சுகந்தன்: பெரியம்மா, தண்ணீர் மட்டுமே 100 கிலோ. தள்ளினால் கண்ணாடி ஒட்டு விட்டுவிடும்.

பெரியக்கா: அப்போ சேலையால் மூடு

மாலா: யாருடைய சேலையால்?

பெரியக்கா: அம்மாவின் கூறைச்சேலை உன்னிடம்தானே இருக்கிறது

ராசன்: வடை உளுந்தோ கடலையோ?

வத்சலா: பார்ப் இரண்டையும் எங்கள் கோல்ட்ஃபிஷோடு விடலாமோ?

சுகந்தன்: வேண்டவே வேண்டாம். நோயும் கூடவே வரும். அதோடு கோல்ட்ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன்.

மாலா: உப்புப் போட்டாயிற்று. பார்பைப் பிடிக்க வலையைக் காணவில்லை. யது, பின்னேரம் வருகிறாயா?

யது: ரியூஷன். ஞாயிறு?

மாலா: விழா சனிக்கிழமையடா

பெரியக்கா: 200 சொல்லிவிட்டேன். உளுந்து.