மிஷன் பேட்டைச் சுவரோவியங்கள்: பக்கத்தில் நின்று பார்த்தவை

(சுவரோவியம் ஏன் வெளிறுகிறது என்று கரித்துண்டு, சாரம், மண்சட்டி என்ற பெயர்களில் மூவர் பேசியது.)

கரித்துண்டு: அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மிஷன் பேட்டை. அங்கே பால்மி சந்தில், 1984-ல் பிளாக்கா என்ற ஓவியர் குழு மத்திய அமெரிக்காவை வைத்து வரைந்த சுவரோவிய வரிசை இருக்கிறது. அதே பேட்டையில் ஒரு சுவர், இறந்தவர்களை நினைத்துக் கொண்டாடும் மெக்சிகோவின் இறந்தோர் நாள் படம், பீடம் முழுக்க துலுக்கச் சாமந்தி. சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் பூ ஆரஞ்சு பற்றி எரிகிறது. அரை அடி கீழே வெயில் படும் பூ மோர் நிறத்தில். கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. ஒளி தாங்காத மஞ்சள் நிறமியை வாங்கினால் இதுதான். ஃப்ளோரசன்ட் பிங்க் இன்னும் சீக்கிரம் போகும்.

சாரம்: வெயிலை மட்டும் சொல்லாதீங்க. அந்தச் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கு. ஓதம், அதாவது சுவருக்குள் ஏறும் ஈரம். அதன்மேல் வார்னிஷ் அடித்து அடைத்திருக்காங்க. உள்ளே ஏறின தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் வண்ணத்தைக் கொப்புளமாகத் தள்ளுது.

யாரும் கேட்கலைதான், இருந்தாலும் சொல்றேன். புதுச் சிமெண்டுப் பூச்சு என்றால் 28 நாள் காயணும். பிறகு ஒன்றரை அடிச் சதுரம் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்க. தாளுக்குள் நீர் முத்து கட்டினாலோ சுவர் கறுத்தாலோ தூரிகையைத் தொடாதீங்க. முதலில் கசியும் குழாயையும், சுவரோரம் மேடாகக் கிடக்கும் மண்ணையும் பாருங்க. உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கணும். தண்ணீர் அடித்தால் கரைந்து திரும்ப உள்ளே போகும். அப்புறம் சிமெண்டின் காரத்தை (alkali) தாங்கும் பிரைமர், மேலே முழு அக்ரிலிக் பெயிண்ட், மெல்லிசாக இரண்டு கோட். கிறுக்கல் தடுப்புக்கு மெழுகுப் பூச்சே நல்லது: யாராவது கிறுக்கினால் வெந்நீர் பீய்ச்சி மெழுகோடு எடுத்துவிட்டு, திரும்பப் பூசலாம்.

கரித்துண்டு: ஓதம் சரி. ஆனால் மேல் பாதி காய்ந்த சுவர், அங்கேயும் மஞ்சள்தான் போயிருக்கிறது, பக்கத்து நீலம் அப்படியே.

மண்சட்டி: லாஸ் ஏஞ்சல்ஸ் ஓல்வேரா தெருவில் மெக்சிகோ ஓவியர் சிக்கேரோஸ் 1932-ல் வரைந்த சுவரை வெள்ளையடித்து மறைத்தார்கள். 2012-ல் மக்கள் பார்வைக்குத் திறந்தபோது வெளிறிய நிறம்தான் மிச்சம். மேலே புதிதாக வரையாமல், மிஞ்சியதை மட்டும் காத்தார்கள். பேட்டைச் சுவர் வேறு. அதற்குத் திரும்பவும் வண்ணம் ஏற்றணும், ஏற்ற அதே நிறமி வேணும். உள்ளே எந்த நிறமி என்று காட்ட டப்பாவில் இருக்கும் குறியீட்டை, எந்தப் பகுதிக்கு எது என்று, வரையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.