புதுப்பிப்பு: எண்ணூரில் கருகிய அலையாத்திக் கன்றுகள், காரணம் தெரிந்தது

போன வருடம் எண்ணூர்க் கழிமுக ஓரத்தில் நாங்கள் நட்ட வெண்கண்டல் (உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரவகை) கன்றுகள் ஏன் கருகுகின்றன என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன், அக்கா எல்லோருக்கும் நன்றி.

வேலி போட்டும் பலனில்லை, மாட்டுச்சாணமும் உதவவில்லை. "கன்றை விடுங்க, தண்ணி வந்து போகுதான்னு பாருங்க" என்று சிதம்பரம் பக்கத்து பிச்சாவரம் அலையாத்திக் காட்டை உதாரணம் காட்டிய அண்ணன் சொன்னதுதான் சரி. 1990களில் அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீன்முள் வடிவில், அதாவது நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இருபக்கமும் கிளைகளுமாக வெட்டித்தான் காட்டை மீட்டது. மரம் அழிந்த இடம் தாழ்ந்து குழியாகும். ஓத நீர் (கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் நீர்) அதில் தேங்கி, வெயிலில் வற்றி, மண்ணில் உப்பு ஏறிவிடும். எங்கள் இடத்திலும் அதே கதை. பழைய ஓடையை அனல்மின் நிலையச் சாம்பலும் வண்டலும் அடைத்திருந்தன.

கையால் தடவி இறால் பிடிக்கும் மீனவ அண்ணன்மார் ஓடை போன தடத்தைக் காட்டினார்கள். மண்வெட்டியால் முழங்கால் ஆழம் தோண்டினோம். அடுத்த பௌர்ணமி ஓதத்தில் நீர் உள்ளே ஏறி, முழுதாக வடிந்தது. அதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

எதிர்பாராதது இதுதான்: முதலில் தலைகாட்டியது கண்டல் இல்லை, உப்பு மண்ணில் படரும் உமரிக்கீரை. களை என்று நினைத்துப் பிடுங்கப் போனேன். நல்லவேளை, அந்த மீனவர்கள் தடுத்தார்கள். மழைக்காலத்தில் மிதந்து வந்த கண்டல் விதைகள் அந்த உமரியில் சிக்கித்தான் வேர்விட்டன. நாங்கள் நட்டவற்றைவிட தானாக முளைத்தவையே தெம்பாக நிற்கின்றன.

ஓடை மறுபடி தூர்ந்துவிடும், வருடாவருடம் வாரவேண்டும். வரும் கோடையில் முதல் தூர்வாரல்.