டி.ஐ.க்குத் தமிழ்: ‘நிறப்பதம்’ எனலாமா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டி.ஐ.க்கு (டிஜிட்டல் இன்டர்மீடியட், அதாவது எடுத்த படத்தின் நிறத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்யும் கலர் கிரேடிங் வேலை) ‘எண்ணிம இடைநிலை’ என்று போன வாரம் முன்வைத்த நண்பரின் மடலையும், அதற்கு வந்த மறுமொழிகளையும் படித்தேன். பதினைந்து ஆண்டுகளாகச் சென்னையில் இந்த வேலையைத்தான் செய்கிறேன். சொந்த ஊர் ராமேஸ்வரம் பக்கம் மண்டபம். இந்தச் சொல்லை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

‘இன்டர்மீடியட்’ என்ற பெயருக்கு ஒருகாலத்தில் பொருள் இருந்தது. 2000 வாக்கில் படம் பிலிமில்தான் எடுக்கப்பட்டது, தியேட்டரிலும் பிலிம்தான் ஓடியது. நடுவில் மட்டும் நெகட்டிவை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் நிறம் பார்த்து, லேசரால் மறுபடி பிலிமில் ஏற்றினார்கள். இரண்டு பிலிமுக்கும் இடையில் நின்றதால் அந்தப் பெயர். டிஜிட்டல் திரையிடலுக்கு ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் கூட்டமைப்பான டி.சி.ஐ. வகுத்த விதிமுறை 2005-இல் வந்தது. புஜிபிலிம் 2013-இல் படப்பிடிப்பு பிலிம் தயாரிப்பையே நிறுத்தியது. இன்று கேமராவும் டிஜிட்டல், தியேட்டரும் டிஜிட்டல். எதற்கும் எதற்கும் இடையே இது இடைநிலை? ஸ்டூடியோவில் நாங்கள் டி.ஐ. என்பது வெறும் பழக்கம். மூலமொழியிலேயே பொருள் கழன்றுவிட்ட பெயரை நாம் ஏன் புதிதாகப் பெயர்த்துச் சுமக்க வேண்டும்?

‘படத்தொகுப்பு’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். பிலிமை வெட்டி டேப் ஒட்டிய நாளிலும் அது பொருந்தியது, மவுஸ் பிடித்து வெட்டும் இன்றும் பொருந்துகிறது. ‘ஒளிப்பதிவு’ம் அப்படியே. ஆனால் ‘படச்சுருள்’ சுருளோடு போய்விட்டது. முதலிரண்டும் வேலைக்கு வைத்த பெயர்கள், மூன்றாவது பொருளுக்கு வைத்த பெயர்.

என் அப்பா ராமேஸ்வரத்தில் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவர். 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை படப்பெட்டி ரயிலில்தான் வரும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி பிலிம். காற்று பலத்து ரயிலைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டால் ஊரே “பெட்டி வந்துருச்சா?” என்று அப்பாவைக் கேட்கும். அந்தப் பெட்டியின் தகர வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ‘படப்பெட்டி’ என்று அவ்வளவு பிரியமாகப் புழங்கிய சொல்லே, அந்தப் பெட்டி போனதும் நிற்கவில்லை.

சரி, வேலைதான் என்ன? பிலிம் லேப் காலத்தில், பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகளுக்கு 1 முதல் 50 வரை எண் கொடுப்பார்கள். எண்ணை மாற்றினால் முழுச் சட்டகமும் மாறும். தனுஷ்கோடியில் படம் எடுத்தவர்களுக்கு இதன் வலி தெரியும். சாலைக்கு வடக்கே பெண்கடல், பச்சை பாரித்து அலையில்லாமல் கிடக்கும். தெற்கே ஆண்கடல், கருநீலமாய் இரையும். காலையில் ஒருத்தியை வடகடல் பின்னணியில் எடுத்துவிட்டு, அவளுக்குப் பதில் சொல்பவனை மதியத்துக்கு மேல் தென்கடல் பின்னணியில் எடுத்தால், இருவரும் ஒரே ஊரில் நிற்பதாகவே தோன்றாது. அன்று கடலைச் சரிசெய்ய எண்ணை மாற்றினால் முகமும் சேர்ந்து பச்சையாகும். இன்று கடலை மட்டும் பிரித்தெடுத்து, முகத்தைத் தொடாமல், நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறேன். எங்கே நிறுத்துவது என்பதுதான் வேலை.

அந்த நிறுத்தும் இடத்துக்கு எங்கள் பக்கம் ஒரு சொல் இருக்கிறது. வாலிநோக்கம் உப்பளத்தில் என் தாய்மாமா வேலை பார்த்தார். நீரின் உப்புச் செறிவை அளக்கும் போமே மானியில் கடல்நீர் 3 டிகிரி காட்டும். வெயிலில் வற்றி 25-ஐத் தொட்டால் உப்பு இறங்கும், 30-ஐத் தாண்ட விட்டால் மக்னீசியம் சேர்ந்து கைக்கும். மாமா மானியைப் பிறகுதான் எடுப்பார். முதலில் குனிந்து நீரை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, “பதம் வந்துருச்சு மாப்ள, பாத்திக்குத் தெறந்து விடு” என்பார். என் மேசையிலும் படத்தின் ஒளியளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் மானி இருக்கிறது. அதற்கு முன்னால் கண் சொல்லிவிடும். ஆகவே கலர் கிரேடிங்குக்கு ‘நிறப்பதம்’ என்று முன்மொழிகிறேன். இதுபற்றி எழுதியவர்களின் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

> ‘நிறத் தரப்படுத்தல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது ஐயா. ஆனால் தரம் என்றதும் எங்கள் ஊரில் இறால் கம்பெனிதான் நினைவுக்கு வரும். கிலோவுக்கு எத்தனை எண்ணிக்கை என்று பார்த்துப் பிரிப்பது. இங்கே எதையும் யாரும் உயர்வு தாழ்வு பிரிக்கவில்லை.

> ‘நிறத்திருத்தம்’ போதாதா?

அது வேண்டும், ஆனால் பாதி வேலைக்குத்தான். ஷாட்டுக்கு ஷாட் வேறுபாட்டைச் சமன்செய்வது திருத்தம். படம் முழுவதற்கும் ஒரு குணம் கொடுப்பது திருத்தம் ஆகாது. 2000-இல் வந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ’ படத்தில் ஒளிப்பதிவாளர் ராஜர் டீக்கின்ஸ், மிசிசிப்பியின் பச்சைப் பசேல் கோடையைக் காய்ந்த மஞ்சளாக்கினார். அந்தப் பச்சையில் பிழை எதுவும் இல்லையே.

> ‘பதம்’ என்றால் சொல் என்றும் பொருள். ‘பதப்படுத்தல்’ தோலுக்கும் உணவுக்கும் போய்விட்டது.

இது நியாயமான தடை. அதனால் வினையாக ‘பதப்படுத்து’ வேண்டாம், ‘நிறப்பதம் பார்’ என்றே இருக்கட்டும். ‘பாகுபதம் பார்’ என்று அடுப்படியில் சொல்லும்போது யாரும் சொல் என்று எடுத்துக்கொள்வதில்லை.

வேலை செய்பவருக்கு ‘நிறப்பதர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம், பதர் என்றால் நெல்லில் ஊதித் தள்ளுவது. ‘நிறப்பதக்காரர்’ கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் வாயில் நிற்கிறது. கேமரா எதையும் மாற்றாமல் அப்படியே தரும் ‘ரா’ பதிவுக்குப் ‘பச்சைப்பதிவு’ என்ற யோசனை தனியாகக் கேட்டால் அருமை, பச்சை மீன் என்பதுபோல. நிற வேலை செய்யும் அறையில் மட்டும் அது பெரும் குழப்பம். அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

இரண்டு வாரமாக என் உதவியாளர்களிடம் இதைப் புழங்கிப் பார்க்கிறேன். “மூணாவது ரீல் நிறப்பதம் முடிஞ்சதா?” என்று கேட்டால் விளக்கம் கேட்காமல் பதில் சொல்கிறார்கள். நேற்று ஒரு பையன் தானாகவே “இந்த ஷாட் பதம் தப்பிருச்சுண்ணா” என்றான். ‘ரீல்’ இன்னும் மாறவில்லை, அது எனக்கும் தெரிகிறது.